மிளகு வேனின் பின் டோரில் அல்ஜீப்ரா

மிளகு மூட்டையின் காரமும் கொய்யாப்பழ வாசனையும் சேர்ந்தால் ஒரு மணம் வருமே... அந்த நாளில் என் வீட்டுக்காரர் சட்டையில் எப்போதும் அதுதான் அடிக்கும். ஒரு நாள் துவைக்க எடுத்தபோது, சட்டைக் கையில் வெள்ளையாகச் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது.

வேன் ஓட்டுகிற மனுசனுக்குச் சாக்பீஸ் எதற்கு?

தொண்ணூறுகளின் கடைசி. ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில், தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தோம். நான் எஸ்டேட் பால்வாடியில் ஆயா. அங்கிருந்த டீச்சரம்மா ரிட்டயர் ஆகப் போகிறார் என்று தெரிந்ததும் எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர் கூப்பிட்டுச் சொன்னார்.

"பத்தாவது பாஸ் பண்ணிட்டு வாம்மா, அந்த வேலை உனக்குத்தான். இல்லீன்னா வெளியாளைத்தான் போடுவாங்க."

பத்தாவதில் நான் மற்ற எல்லாம் பாஸ். கணக்கு மட்டும் காலை வாரிவிட்டிருந்தது. அதைத் தனியாக எழுதி பாஸ் பண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள்?

ஏற்காட்டில் ஒரு வாத்தியார், ஸ்கூல் பிள்ளைகளுக்கு மட்டும்தான் டியூஷன் என்றார். சர்ச்சில் இருந்த சிஸ்டர் ஒருவர் ஆசையாக "சாயங்காலம் வா" என்றார். சாயங்காலம் போனால் திரும்பி வர பஸ் இல்லை. கணக்கில் டிகிரி படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனால், அவள் கல்யாணமாகி ஈரோடு போய்விட்டாளாம். இடுப்பில் கைக்குழந்தையோடு அலைந்து ஓய்ந்து, எனக்கு எழுதியது அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் இந்தச் சாக்பீஸ்.

"ஏனுங்க, இதென்ன சட்டையில?"

"சேலத்துல ஒரு மாஸ்டரைப் புடிச்சிருக்கேன் புள்ள. கணக்கு நொம்ப நல்லாச் சொல்றாரு."

"கொழந்தைய வெச்சுக்கிட்டு நான் எப்புடிங்க தெனமும் சேலம் போறது?"

"நீ எதுக்குப் போற? நாந்தான் போறேனே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் எட்டாவதோடு நின்றவர். காலையில் மிளகும் பழமும் ஏற்றிக்கொண்டு சேலம் மார்க்கெட்டில் இறக்குவார். திரும்ப லோடு கிடைக்க மதியம் தாண்டிவிடும். மற்ற டிரைவர்கள் வண்டி நிழலில் படுத்துத் தூங்குகிற அந்த நேரத்தில், இவர் போய் பெயிலான பசங்களுக்கு நடக்கிற டியூஷனில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மாஸ்டர் இவரையும் பரீட்சை எழுதுகிற ஆள் என்றே நினைத்துக்கொண்டு, போர்டுக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொல்வாராம். அந்தத் தூள்தான் சட்டையில்.

வீடு திரும்பியதும் வேனைக் கதவுக்கு நேராக நிறுத்துவார். கரும்பச்சை பெயிண்ட் அடித்த பின் டோர்தான் எங்கள் போர்டு. மதியம் கேட்டதை மறப்பதற்குள் எழுதிக் காட்டிவிட வேண்டும் அவருக்கு. நான் வாசற்படியில் உட்கார்ந்து மடியில் குழந்தையை ஆட்டிக்கொண்டே பார்ப்பேன்.

"சீக்கிரம் படி புள்ள, பனி எறங்குது" என்று விரட்டுவார். பனி இறங்கினால் சாக்பீஸ் கரைந்து, அல்ஜீப்ரா தாரை தாரையாக வழிந்துவிடும்.

பனியில்லாத நாளில் கணக்கு அப்படியே இருக்கும். மறுநாள் அதோடுதான் வண்டி மலை இறங்கும். "ஏனுங்க, வண்டிக்குப் பரீட்சையா?" என்று மற்ற டிரைவர்கள் ஓட்டித் தள்ளுவார்கள். இவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒரு நாள் சேலம் போகிற வழியில் குப்பனூரில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார். பின்னாலேயே மொபெட்டில் வந்த ஒரு ஸ்கூல் டீச்சரம்மா இறங்கி வந்து, "அண்ணா, உங்க வண்டியில கணக்கு தப்புங்க. கடைசியில மைனஸ் இல்ல, பிளஸ் வரோணும்" என்றாராம். a-யில் இருந்து b-யைக் கழித்து வர்க்கம் எடுக்கிற சூத்திரம். இவர் கூச்சப்படவேயில்லை. பாக்கெட்டிலிருந்த சாக்பீஸை நீட்டி, "நீங்களே எழுதிடுங்க டீச்சர், எங்கூட்டு அம்மணி அதைப் பார்த்துத்தான் படிக்குது" என்றிருக்கிறார். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியதும் முதல் பேச்சே, "நேத்துச் சொன்னது தப்பு புள்ள, மறந்துரு."

தப்பு என்று இவ்வளவு லேசாகச் சொல்கிற வாத்தியாரை நான் ஸ்கூலில் பார்த்ததே இல்லை. எனக்குக் கணக்கு மேல் இருந்த பயம் போனது அன்றைக்குத்தான்.

பரீட்சையன்று அதே வேனில் கூட்டிப்போனார். நான் உள்ளே. அவர் வெளியே வேப்பமரத்தடியில், தோளில் குழந்தையோடு. கேள்வித்தாளில் அதே சூத்திரத்தில் ஒரு கணக்கு. கை தன்னால் மைனஸ் போடப் போய்... நின்றது. கண்ணுக்குள் அந்தப் பின் டோர் வந்தது. பிளஸ் போட்டேன்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து கொஞ்ச நாளில் ரிசல்ட். பாஸ். அவர் சேலத்துக்கு ஸ்வீட்டோடு போய் மாஸ்டர் கையில் கொடுத்தபோது, "பேப்பர்ல பார்க்க உன் நம்பரைக் கொடுக்கவே இல்லியேய்யா" என்று மாஸ்டர் குறைப்பட்டாராம். விஷயம் தெரிந்ததும் அதே ஸ்வீட்டை எடுத்து இவர் வாயில் ஊட்டிவிட்டாராம்.

பால்வாடி டீச்சர் வேலை எனக்கே கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது. நானும் டீச்சராகவே ரிட்டயர் ஆகிவிட்டேன்.

இப்போது என் மகள் கவர்ன்மென்ட் பரீட்சைக்குப் படிக்கிறாள். அன்றைக்கு மடியில் கிடந்தவள்தான். எல்லாம் போனில்... புரியாவிட்டால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். பனி வந்து எதையும் அழிப்பதில்லை. நல்லதுதான்.

போன வாரம் போனில் பாடம் நடத்துகிற ஒருவர் அந்தப் பழைய சூத்திரத்தை ஆரம்பித்தார். வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்த இவர், அவர் முடிப்பதற்குள் மீதியைச் சொல்லிவிட்டு, "கடைசியில பிளஸ் கண்ணு, பார்த்துப் போடு" என்றார்.

மகள் தலையைத் தூக்கினாள். "அப்பா, நீங்க எட்டாவதுதானுங்களே?"

"எட்டாவதுதான் சாமி. உங்கம்மா பத்தாவது படிச்சப்ப கூட இருந்தேன்."