நேரம் கேட்காத வணக்கம்

திண்டிவனத்தில் மாடி வீடு. இரண்டு அறை, ஒரு லேப்டாப், நான். கணவர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இந்த வருடம் ஊரோடு வந்துவிடுவார் என்று பேச்சு. அதை நம்பித்தான் சென்னை வேலையை வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கி இங்கே வீடு பிடித்தேன். தண்ணீர் கேன் போடுகிறவரைத் தவிர என்னிடம் நேரில் பேச ஆளில்லை. அவரும் "எத்தினி கேனும்மா?" என்பதோடு சரி.

அப்போது ஒரு விதைக்கடைக்கு வலைப்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரே நிரல் இரண்டு இடத்தில் ஓடும். முதலில் எங்கோ வெளிநாட்டில் இருக்கும் சர்வரில் ஓடிப் பக்கத்தைத் தயார் செய்து அனுப்பும்; பிறகு பார்ப்பவரின் பிரவுசரில் மறுபடி ஓடும். இரண்டும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். சொல்லித் தொலைக்கவில்லை. நடுப்பகலில் திறந்தால் "காலை வணக்கம்" என்று வந்து, கண் இமைப்பதற்குள் "மதிய வணக்கம்" என்று மாறும். கூடவே சிவப்பில் ஒரு பிழைச் செய்தி. பாதி நாள் அதோடு மல்லுக்கட்டினேன்.

என்னைப் போலவே விழுப்புரத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யும் தோழியைக் கூப்பிட்டேன்.

"ரெண்டும் அதது ஊரு மணியப் பாத்துக்கினு சொல்லுதுக்கா. மணியே கேக்காத வார்த்தையா ஒண்ணு போட்டுப் பாருங்க" என்றாள். அவள் வீட்டில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. பொறாமையாக இருந்தது.

விளையாட்டாக "சாப்டீங்களா?" என்று போட்டேன். நம் ஆட்கள் அதைக் கேட்க நேரம் காலம் பார்ப்பதில்லையே. சிவப்பு போயே போச்சு. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். காட்ட ஆளில்லாமல் திரையைப் படமெடுத்துக் கணவருக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். நிஜமாகவே கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"இன்னும் இல்லம்மா. நீ?" என்றார். நான் கதையைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "கான்ட்ராக்ட் இன்னும் ரெண்டு வருசம் போட்டுட்டேன். எப்பிடிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்" என்றார்.

கோபம் வரவில்லை. பயமாக இருந்தது.

"அப்ப நான் அங்க வந்துடட்டுங்களா? என் வேலைய எங்கேர்ந்து வேணாலும் பண்ணலாங்க."

"ரூம்ல ஆறு பேரு இருக்கோம்மா" என்றார்.

அவர் வரப்போகிறார் என்று வாங்கிய மெத்தைக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அன்றைக்கும் பாயில்தான் படுத்தேன்.