அத்தையின் இன்டர்வியூ

எங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஒன்று வாயால் கூப்பிடுவது, மற்றது அத்தை வைத்தது. மீசையை முறுக்கிக் காட்டினால் அப்பா. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. காதுக்குப் பக்கத்தில் இரண்டு பின்னலை ஆட்டினால் நான்.

அத்தை அப்பாவின் தங்கை. பிறவியிலிருந்தே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல் விட்டுவிட்டார்கள். தாத்தா போன பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களோடு வந்துவிட்டாள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே எனக்கு அவளுடைய கைப்பேச்சு வந்துவிட்டது என்று அம்மா சொல்வாள். அம்மாவுக்கே அதில் பாதிதான் புரியும், அப்பாவுக்கு அதுவும் இல்லை. முழுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

எண்பதுகளின் கடைசி. நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு தரகர் அத்தைக்கு இடம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், படுத்த படுக்கையாக ஒரு தாயார்.

"ஊமப் பொண்ணுக்கு இதுக்கு மேல இன்னா சார் எதிர்பாக்குறீங்க?" என்றார் தரகர், அத்தை போட்டுக்கொடுத்த காப்பியை ஆற்றியபடியே.

அப்பா தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கல்நெஞ்சக்காரர் இல்லை. தனக்குப் பிறகு தங்கைக்கு யார் என்ற பயம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. யாராவது ஒருவர் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் அந்தப் பயம் தீர்ந்துவிடும் என்று நம்பினார்.

தரகர் போனதும் அம்மா சொன்னாள்: "அவங்களுக்கு வேண்டியது பொண்டாட்டி இல்லைங்க, வேலைக்காரி. அப்படி வேலை செய்யணும்னா சம்பளம் தர்ற இடத்துலயே செய்யட்டுமே."

"ஹாரன் அடிச்சாக் கேக்காது, ரயில் வர்றது கேக்காது. இவ எப்படி தனியா போய்ட்டு வருவா?"

"கண்ணு இருக்கில்ல?"

அப்பா அப்போதும் சம்மதம் சொல்லவில்லை.

பக்கத்துத் தெருவில் ஸ்டெல்லா அக்கா இருந்தாள். குரோம்பேட்டையில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். தைத்து முடித்த சட்டைகளில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்துவிட வேண்டும். அதற்குப் பிசிறு வெட்டுவது என்று பெயர். அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவள்தான் அம்மாவிடம் சொன்னாள். "இட்டுகினு வாங்கக்கா. மேனேஜர் நல்ல மனுசன்தான். கேட்டுப் பாப்போம்."

எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நாங்கள் மூவரும் குரோம்பேட்டைக்குப் போனோம். அத்தை கஞ்சி போட்ட புடவையை மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். ரயிலில் இடம் இருந்தும் கசங்கிவிடும் என்று உட்காரவில்லை.

மேனேஜர் நெற்றியில் விபூதி வைத்திருந்தார். அத்தையை உட்காரச் சொன்னார். நான் சைகை காட்டிய பிறகும் அவள் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். பெயர், வயது எல்லாம் கேட்டார். அவளிடம் கேட்காமலே நான் கடகடவென்று பதில் சொன்னேன். அத்தை என் தொடையைக் கிள்ளினாள். அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

மேனேஜர் அம்மாவிடம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவ்வளவு துணி இருக்கற இடம். ஃபயர் பெல் அடிச்சா இவங்களுக்குக் கேக்காது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் ரெஸ்பான்ஸிபிள்."

இதை நான் அத்தைக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பாஷையில் பெல் கிடையாது. நெருப்பு இருந்தது. அடுப்பை ஊதுவதுபோல் ஊதிக் காட்டினேன். அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. மேனேஜரைப் பார்த்து, உள்ளங்கையைச் சுழற்றித் தோசை வார்த்தாள், குழம்பைக் கிளறினாள், ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

"என்ன சொல்றாங்க?"

"நல்லா சமைப்பேன்னு சொல்றாங்க சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். பக்கத்து மேஜையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அத்தைக்கு அது தெரியாது. எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். பிறகு கைகள் இரண்டையும் மடியில் வைத்துப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

அம்மா எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை.

"கேள்வி சரியா போய்ச் சேரலை சார், அவ்வளவுதான். இவளை இன்னொரு தடவை கேக்கச் சொல்லுங்க," என்றாள்.

நான் திரும்ப ஆரம்பித்தேன். இந்தத் தடவை அடுப்பை விட்டுவிட்டேன். சட்டை எரிகிறது, சுவர் எரிகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள், நீ என்ன செய்வாய் என்று அறை முழுக்க ஓடி ஓடிக் காட்டினேன். அத்தை தலைப்புக்குள்ளிருந்து கையை எடுத்தாள். தன் கண்ணைத் தொட்டாள். அங்கே இருந்தவர்களை ஒவ்வொருவராகச் சுட்டினாள். இரண்டு விரல்களால் மேஜை மேல் ஓடிக் காட்டினாள்.

"எல்லாரும் ஓடுறதைப் பாத்து நானும் ஓடுவேன்னு சொல்றாங்க."

அதுவரை கதவோரம் நின்றிருந்த ஸ்டெல்லா அக்கா உள்ளே வந்தாள். "என் பக்கத்துலயே ஒக்கார வெச்சுக்கறேன் சார். பெல் அடிச்சா நான் கையப் புட்ச்சு இஸ்துகினு வந்துடறேன். மிஷின் ஓடற சத்தத்துல எங்களுக்கே பெல்லு எங்க சார் கேக்குது? ஒருத்தியப் பாத்து ஒருத்திதான் எந்திரிக்கிறோம்."

மேனேஜர் பேனாவை மூடித் திறந்து மூடினார். "சரி, கொஞ்ச நாள் வரட்டும். பாக்கலாம்."

இதை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

முதலில் அம்மா கூடவே போய்வந்தாள். பிறகு அத்தை ஸ்டெல்லா அக்காவோடு போனாள். அதற்கும் பிறகு தனியாகவே போக ஆரம்பித்தாள். அப்பா சாயங்காலமானால் காய்கறி வாங்கப் போகிறேன் என்று பஸ் ஸ்டாப்புக்குப் போய் நிற்பார். அத்தை இறங்குவதைப் பார்த்துவிட்டு, வேறு வழியாக வேகவேகமாக வந்து அவளுக்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் வெறும் பையோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தரகர் மறுபடி வந்தார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் வந்து நின்றாள். கழுத்தில் முடிச்சுப் போடுவதுபோல் காட்டி, வேண்டாம் என்று கையை வீசினாள். பிறகு இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல்போல் ஆட்டினாள்.

"இன்னா சொல்லுது?" என்றார் தரகர்.

நான் வாயெடுப்பதற்குள் அப்பா சொன்னார்: "அவளுக்கு வேலை இருக்காம்."

சில மாதங்களில் ஸ்டெல்லா அக்கா தன் சர்ச்சில் விசாரித்து இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்து சேர்த்தாள். இருவருக்கும் காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள். எலெக்ட்ரீஷியனை வைத்து, பெல் அடிக்கும்போது எரிகிற மாதிரி ஒரு சிவப்பு பல்பும் மாட்டினார்கள்.

அதன் பிறகு அத்தையின் கைகள் மாறத் தொடங்கின. நான் அறியாத சைகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நாளை என்பதற்கு ஒன்று, ஞாபகம் என்பதற்கு ஒன்று, ஏன் என்பதற்கு ஒன்று. எங்கள் பாஷையில் ஏன் என்ற சொல்லே இருந்ததில்லை. அவள் புதிதாக ஏதாவது காட்டினால் நான் தப்பு என்று தலையாட்டுவேன். அவள் சிரித்துக்கொண்டே பழைய சைகைக்கு வருவாள், சின்னக் குழந்தையிடம் மழலை பேசுவதுபோல.

ஒரு சனிக்கிழமை அப்பா எனக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க குரோம்பேட்டைக்குக் கூட்டிப்போனார். திரும்பும்போது ஸ்டேஷனில் அத்தையைப் பார்த்தோம். அந்த இரண்டு பெண்களோடு பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மூன்று பேருடைய கைகளும் அத்தனை வேகமாகப் பறந்துகொண்டிருந்தன. ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி அவள் கையைத் தட்டிவிட்டுத் தன் கதையை ஆரம்பித்தாள். அத்தை சத்தம் போட்டுச் சிரித்தாள். வீட்டுக்கு யாராவது வந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கிவிடும் சத்தம் அது. பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவனிக்கவே இல்லை.

நான் ஓடப் போனேன். அப்பா என் கையை விடவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். தாம்பரம் வண்டி வந்தது. அவர்கள் ஏறவில்லை. வண்டி போய்விட்டது.

"அத்தை என்ன பேசறாங்கப்பா?"

"தெரியலைம்மா," என்றார் அப்பா.

எனக்கும் தெரியவில்லை. உலகத்திலேயே அத்தையின் பேச்சு முழுக்கத் தெரிந்த எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அழுகை வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பாவின் கண்ணும் நிறைந்திருந்தது. பாவம், அப்பாவுக்கும் என்னைப் போலவே வருத்தம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டு, அவருடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.