நாலாவது லயத்துக் குழாய்

நேற்று மரவள்ளி மாவில் கஞ்சி காய்ச்சும்போது அடி பிடித்துவிட்டது. மலேசியாவின் ஈப்போவில் என்னுடைய இந்தச் சின்ன வீட்டில் ஏதாவது கருகினால் காயப்போட்ட துணிவரைக்கும் வாசம் ஏறிவிடும். ஆனாலும் சன்னலைத் திறக்க மனம் வரவில்லை. அது பசை வாசம். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் தமிழ்ப்பள்ளியில் நான் கிண்டிக் கருக்கிய பசை.

எழுபதுகளின் கடைசி. நான் தற்காலிக ஆசிரியை. பயிற்சி கிடையாது, உரத்த குரல் மட்டும் உண்டு. ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவதே அங்கே பாடம். அப்பா அம்மா ரப்பர் பாலெடுக்க மரம் வெட்டப் போக இருட்டோடு எழும்போதே பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள். பத்து மணிக்குப் பாதி வகுப்பு தூங்கும். உண்மையைச் சொன்னால் எனக்கே கண் சொக்கும்.

மாரியாயி மட்டும் தூங்கமாட்டாள். முத்து முத்தாகப் பார்த்து எழுதுவாள். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிப்பாள். மாதம் முடிந்ததும் அவளை நிறுத்திக் கைக்குழந்தையைப் பார்க்க வைக்கப்போவதாக அவள் அம்மா சொல்லியிருந்தார். "இவ எழுதி என்னா டீச்சர் ஆவப்போவுது? யாரு படிக்கப்போறா?"

நியாயமான கேள்வி. யாராவது படிக்கிற மாதிரி எழுத வைத்தால் என்ன என்று தோன்றியது. தோட்டத்துச் செய்திகளைப் பிள்ளைகளே விசாரித்து எழுத, மரவள்ளி மாவில் பசை கிண்டி, வழியைப் பார்த்த பள்ளிச் சுவரில் ஒட்டினோம். யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, திடலில் அடுத்து என்ன படம் காட்டுகிறார்கள், இப்படி. பால் நிறுக்கப் போகிறவர்கள் வாளியை இறக்கிவைத்துவிட்டு நின்று படித்தார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். செய்தி தப்பென்றால் ஆட்டுக்காரரே சண்டைக்கு வருவார். அதனால் பிள்ளைகள் இரண்டு தரம் விசாரித்து எழுதினார்கள். தூக்கம் போன இடம் தெரியவில்லை.

ஒருநாள் மாரியாயி தாளை நீட்டினாள். "நாலாவது லயத்துக் குழாயில் தண்ணீர் வருவதில்லை. கிராணி வீட்டுப் பூச்செடிக்கு வருகிறது." நாலாவது லயம் அவளுடைய வீட்டு வரிசை. அவள் சொந்தமாக எழுதிய முதல் வரிகள். சந்தோஷத்தில் நடுச்சுவரில் ஒட்டிவிட்டேன்.

தலைவலி போய்த் திருகுவலி வந்தது. மறுநாளே தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து தம் கையாலேயே கிழித்தார். பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "புக்குல உள்ளத மட்டும் எழுத வைங்க, போதும்லா. பள்ளிக்கூடமே தோட்டத்து நெலத்துல நிக்கிது," என்றார். அவர் பயந்ததில் தப்பில்லை.

"நான் எழுதுனது பொய்யா டீச்சர்?" என்று கேட்டாள் மாரியாயி.

"இல்லம்மா."

"அப்பச் சரி," என்று போய் உட்கார்ந்தாள்.

அந்த வாரமே குழாயில் தண்ணீர் வந்தது. மாதக் கடைசியில் அவள் அம்மா குழந்தையோடு வகுப்பு வாசலில் நின்றார். பெண்ணை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.

"இவ எழுதுனத லயத்துல எல்லாரும் படிச்சாங்களாம். இவ வரட்டும் டீச்சர். புள்ளைய ஆயாக் கொட்டாய்ல விட்டுக்கிறேன்."

பெரிய வாத்தியார் சுவரில் மறுபடி ஒட்ட மட்டும் விடவில்லை. பிறகு தோட்டம் ரப்பரிலிருந்து பாமாயில் தரும் செம்பனைக்கு மாறியது. லயங்களோடு பள்ளியும் போயிற்று.

நேற்று அந்தக் கருகிய பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சிறுமி பள்ளிக்குச் செய்த ஃபோலியோத் தொகுப்பைக் காட்ட வந்தாள். வண்ணப் படங்கள், பளபளக்கும் அட்டை.

"இத யாரும்மா படிப்பா?"

"டீச்சர் மார்க் போடுவாங்க. அப்பறம் அலமாரியில வச்சிருவாங்க."

அழகாகத்தான் செய்திருந்தாள். வாளியை இறக்கிவைத்து நின்று படிக்கத்தான் யாருமில்லை. கோபித்துக்கொண்டு வந்து கிழிக்க ஒரு கிராணிகூட இல்லை.