விஷத்தைப் பிடிக்கும் துரு

துரு தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் பட்டறை முதலாளி காதர் பாய். போன வருஷம், முதல் மழை பெய்த வாரத்தில். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு தாராவியில் எனக்குக் கிடைத்த வேலை இது: லேத்தில் சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலை எண்ணெய் போகக் கழுவி, நனைத்துத் துருப்பிடிக்க விட்டு, தண்ணீர் வடிகட்டும் தொட்டியில் மணலுக்கு நடுவே அடைப்பது. மழைக்காலத்தில் ஜன்னல் கம்பித் துருவோடு மல்லுக்கட்டும் என் சகோதரிகளே, நான் நம்பவில்லை.

தெளிந்த தண்ணீர்

கூட வேலை செய்யும் ரமேஷ் தம்பிக்கு ஊர் பீகார். எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். அவர் மனைவிக்கு உள்ளங்கையெல்லாம் சொரசொரவென்று புள்ளி. குடிக்கிற தண்ணீரைச் சோதிக்கலாம் என்று பாய் சொல்ல, ஊரிலிருந்து வீட்டு அடிபம்புத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது, வாடையே இல்லை.

பாய் அதில் மருந்துத்தூளைப் போட்டு, மூடியில் சோதனைத் தாளைச் செருகினார். வெள்ளைத் தாள் பழுப்பாயிற்று. ஆர்சனிக் என்ற விஷமாம், காய்ச்சினாலும் போகாதாம், கையில் புள்ளி வந்ததும் அதனால்தானாம். ரமேஷ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க பம்புத் தண்ணி மாதிரி ஊர்லயே கிடையாதுன்னு பெருமையா பிள்ளைங்களுக்கு அடிச்சுக் குடுத்தேனே, அம்மா."

புளி போட்ட கை

அவர் வீட்டுக்கென்றே ஒரு தொட்டிக்குச் சீவல் ஊறவைத்தோம். செம்மண் நிறத்தில் நன்றாகத் துரு ஏறியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பொன்னுத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீருக்கு இந்த அழுக்கா என்று, குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டாள்.

ரமேஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தத் துருதானே விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்! மறுபடியும் முதலிலிருந்து நனைத்தோம். பொன்னுத்தாய் முகம் சுண்டிப்போனது. "எக்கா, புத்தி தெரிஞ்ச நாள்ல இருந்து துருவைத் தேய்ச்ச கை இது. திடீர்னு அதை வளக்கச் சொல்லுதிய!"

வெள்ளைத் தாள்

ரமேஷ் தொட்டியை ரயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அதில் வடிந்த தண்ணீரோடு திரும்பினார். பாய் தாளைச் செருகினார். நான் கண்ணை மூடி முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திறந்தபோது பொன்னுத்தாய் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள். தாள் போட்டபடியே வெள்ளையாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத விஷத்தை, நாம் கரித்துக்கொட்டுகிற துரு கெட்டியாகப் பிடித்துக்கொண்டதே! வீட்டுக்குப் பேசப் போனை எடுத்த ரமேஷ், வாசலுக்குப் போகுமுன் என்னிடம் திரும்பினார். "இன்னைக்குத்தான் அம்மா, 'குடிங்க'ன்னு பயமில்லாம சொல்லப்போறேன்."

ஆகவே சகோதரிகளே, இந்த மழையிலும் ஜன்னல் கம்பியைத் தேய்க்கத்தான் போகிறீர்கள், துருவைக் கொஞ்சம் மெதுவாகத் திட்டுங்கள்.