கெஹிண்டே நிரப்பாத கட்டம்

துபாய்க்குப் பக்கத்தில், ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் கிளார்க்காக எனக்குப் பன்னிரண்டு வருஷம். ஒரே ஆளுக்கு மூன்று மாமனார் செத்த கதையெல்லாம் பார்த்தவன் நான். லீவு ஃபாரத்தோடு எவன் வந்தாலும் முதலில் அவன் கண்ணைத்தான் பார்ப்பேன். இந்த யேசுராஜை ஏமாற்றிவிட்டு ஒருத்தனும் பிளேன் ஏறியதில்லை.

கெஹிண்டே மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். நைஜீரியாக்காரன், யொரூபா இனம். சூளைப் பிரிவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அதிர்ந்து பேச மாட்டான். ஆனால் எதை வாங்கினாலும் இரண்டு. ஒரே நிறத்தில் சட்டை இரண்டு, ஒரே மாதிரி செருப்பு இரண்டு ஜோடி. ஒன்று ஊரிலிருக்கும் தம்பிக்கு என்பான். கார்கோவில் அனுப்பி வியாபாரம் பண்ணுகிறான் என்றுதான் நான் நினைத்தேன். ஃபைலை எடுத்து வாரிசுக் கட்டத்தைப் பார்த்தால் தம்பி தைவோவுக்கும் இவனுக்கும் ஒரே பிறந்த நாள். இரட்டையாம். முதலில் பிறந்தது யார் என்று மடக்கினேன். தைவோதான் என்றான். அப்புறம் அவன் எப்படித் தம்பி? உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லத் தம்பியை முன்னால் அனுப்பிவிட்டு, அண்ணன் பின்னால் வருவானாம். அவர்கள் ஊரில் பின்னால் வந்தவன்தான் மூத்தவனாம். நன்றாக விடுகிறான் கதை என்று ஃபைலை மூடினேன்.

போன மார்ச்சில் ஒரு காலை, அவசர லீவு ஃபாரத்தோடு வந்து நின்றான். காரணம் எழுதும் கட்டம் காலி. என்ன விஷயம் என்றேன். தம்பிக்காக இன்றே போக வேண்டும் என்றான். தம்பிக்கு என்ன? தரையைப் பார்த்தான். நான்கு தரம் கேட்டேன். சிரித்துக்கொண்டே நானே அந்தக் கட்டத்தில், தம்பி இறந்துவிட்டான் என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். உண்மையாக இருந்தால் கையெழுத்துப் போடட்டுமே.

படித்தான். பேனாவைக் கீழே வைத்தான்.

“இதுல என்னால கை வைக்க முடியாது சார்,” என்று இந்தியும் இங்கிலீஷுமாகச் சொல்லிவிட்டு டியூட்டிக்கே திரும்பிப் போனான்.

மாட்டிக்கொண்டான் என்று எனக்கு ஏக சந்தோஷம். அன்றைய பிளேன் போய்விட்டது.

மறுநாள் அவன் ரூமில் தங்கும் விஷால் வந்தான், நம்ம தூத்துக்குடிக்காரன். கெஹிண்டே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம்.

“அண்ணே, அவங்க ஊருல ரெட்டைப் பிள்ளையில ஒண்ணு போயிட்டா, மிச்சம் இருக்கிறது அந்த வார்த்தையச் சொல்லக் கூடாதாம். சொன்னா அதுவும் பின்னாலயே போயிருமாம்.”

தம்பிக்காக ஒரு சாண் மரப் பொம்மை செதுக்கக் கொடுத்திருக்கிறார்களாம். அதற்குச் சட்டை போட்டு, சாப்பாடு வைத்து, உயிரோடு இருக்கிறவனைப் போலவே பார்த்துக்கொள்வார்களாம். வெள்ளிக்கிழமை அது வீட்டுக்கு வரும்போது இவன் கையில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இவனையும் தம்பி கூப்பிட்டுக்கொள்வான் என்று அவன் அம்மா போனில் அழுகிறாளாம்.

எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. புயலில் என் அப்பாவின் போட் திரும்பாத வருஷம், தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். புருஷன் இறந்துவிட்டதாக அம்மா கையெழுத்துப் போட வேண்டும். “கடலுக்குப் போயிருக்காவ, அவ்வளவுதான்,” என்று அம்மா பேனாவைத் தொடவே இல்லை. ஏதோ மறைக்கிறாள் என்று அவர் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே அவரைத் தெருமுனை வரை விரட்டினேன். இங்கே அதே பார்வையை நான் கெஹிண்டே மேல் வீசியிருக்கிறேன். சீ, என்ன பிழைப்பு.

பழைய ஃபாரத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன். தம்பிக்கு என்ன என்று மேனேஜர் கேட்டார். அதை மட்டும் கேட்காதீர்கள் சார் என்றேன். நான் மற்றவர்களைப் பார்க்கிற மாதிரியே என் கண்ணைப் பார்த்தார். கெஹிண்டே திரும்பி வராவிட்டால் நானே பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்.

வியாழக்கிழமை காலை அவனை ஏர்போர்ட் வண்டியில் ஏற்றிவிடப் போனேன். கேட் செக்யூரிட்டி பையைத் திறக்கச் சொன்னான். மேலாக, ஒரே நீலத் துணியில் இரண்டு சட்டைகள். ஒன்று கெஹிண்டேயின் அளவு. இன்னொன்று என் உள்ளங்கை அளவுதான் இருந்தது. கையால் தைத்த தையல், மூன்று பொத்தான்.

இது எதற்கு இரண்டு என்று செக்யூரிட்டி சந்தேகமாகக் கேட்டான். கெஹிண்டே தரையைப் பார்த்தான்.

“ஒண்ணு இவனுக்கு. ஒண்ணு இவன் தம்பிக்கு,” என்று நான் சொன்னேன்.