கூமல் வரைந்த சிப்பாய்

வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு சண்டைபோடும் இந்த அவசரகாலத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கேட்டில் சோதனைக்கு நின்ற ஆஸ்திரேலியச் சிப்பாய் எங்களைவிடக் கறுப்பு. பழங்குடிக்காரர். பால்மரம் வெட்டும் பெண்கள் அவரைத் தமிழர் என்றே முடிவுசெய்து, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்று தினமும் கேட்பார்கள். தலையாட்டுவார். சும்மா இருக்கும்போது சிகரெட் அட்டையில் தன் ஊர் விலங்குகளை வரைவார்.

ஒருநாள் என் மகளின் பள்ளிப்பையில் ஒரு பிடி அரிசி அகப்பட்டது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று அரிசியை வெளியே கொண்டுபோகத் தடை. எனக்குச் சிறைதான்.

"யாருக்கு?" என்றார் ஆங்கிலத்தில்.

"ஸ்கூல் அணிலுக்குப்பா," என்றாள் மகள். மொழிபெயர்த்தேன். மரமேறும், வாலில் முடியிருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அட்டையொன்றைக் காட்டினார். "எங்கள் மொழியில் இது கூமல், இதுவும் மரமேறும். இது யோங்கா, கங்காரு. முள்ளாக இருப்பது நிங்கான்."

"கூமல் பூனை மாதிரில்ல இருக்கு! அணில் இல்லலா," என்றாள் மகள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அரிசியை வேலிக்கு உள்பக்கம் கொட்டினார்.

"அரிசி வெளியே போகக்கூடாது. அணில் உள்ளே வரலாம்."

அட்டையை அவளிடம் கொடுத்தார். மறுமாதம் அவரை மாற்றிவிட்டார்கள், பெயர்கூடக் கேட்டுவைக்கவில்லை. இப்போதும் தினமும் காலையில் அரிசி ஏதும் இருக்கிறதா என்று அவள் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். புத்தகங்களோடு அந்த அட்டைதான் விழுகிறது. திரும்ப உள்ளே வைக்கிறேன்.