பலகைத் தரையில் ஒரு சாட்சி

எங்கள் சபை பொகவந்தலாவை கடைவீதியில், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் கூடுகிறது. கீழே ஆணியும் பெயின்ட் வாளியும், மேலே நாங்கள். பழைய கட்டடம், பலகைத் தரை. செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பலகையில் கால் வைத்தால் குளிர் முழங்கால் வரைக்கும் ஏறும். தரையைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் இருக்கிறது.

நான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கத்துவதுதான் என் பிழைப்பு. நான் வகுப்பில் அதட்டினால் பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் கோழிகள்கூட அடங்கிவிடும் என்று என் கணவர் கேலி செய்வார். அப்படிப்பட்டவளுக்கு எந்தச் சத்தமும் கேட்காத ஒரு மகள் பிறந்தாள்.

கண்டியில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, காது நரம்பே சரியாக உருவாகவில்லை, மெஷின் வைத்தாலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் சண்டையெல்லாம் ஆண்டவரோடுதான். உபவாசம் இருந்தேன், முழங்காலில் நின்றேன், அழுதேன். ஒரு கட்டத்தில் கோபித்துக்கொண்டு பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அவரும் பேசவில்லை. மகளுக்கு மூன்று வயதாகும்வரை ஆண்டவருக்கும் எனக்கும் இடையில் இப்படித்தான் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் புதிதாக ஒரு டிரம் செட் வந்திருந்தது. அதுவரை ஒரு சின்ன டோலக்தான். பெண்கள் பக்கம் பாயில் நான் உட்கார்ந்திருந்தேன். மகள் பாயை விட்டு இறங்கி, பலகையில் சப்பணம் போட்டு, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பையிலிருந்த பிஸ்கட்டைத் துழாவிக்கொண்டிருந்தாள். டிரம்காரத் தம்பி முதல் அடியை அடித்தான். மகள் விருட்டென்று திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்து சிரித்தாள். அடுத்த அடிக்குக் கைதட்டினாள்.

பக்கத்தில் இருந்த அக்கா, கொழுந்தெடுக்கிறவர், சபையில் எல்லோருக்கும் முந்தி அழுகிறவர், எழுந்து கத்திவிட்டார்.

"புள்ளைக்கு கேட்டிருச்சு! டீச்சர், பாத்தீங்களா, திரும்பிப் பாத்துச்சு! கர்த்தர் செஞ்சிட்டாரு!"

சபை எழுந்து நின்றது. அல்லேலூயா சத்தத்தில் கீழே கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படிக்கட்டு வரை வந்துவிட்டார். நானும் நம்பினேன். பலகையில் குப்புற விழுந்து ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதேன். பாஸ்டர் என் தலையில் கை வைத்து, "அடுத்த ஞாயித்துக்கிழம நீங்கதான் சாட்சி சொல்றீங்க, சிஸ்டர்" என்றார். எங்கள் சபையில் ஆண்டவர் ஒரு நன்மை செய்தால் அதை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் சாட்சி.

வீட்டுக்கு வந்ததும் மகளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. வகுப்புக் குரலில் கூப்பிட்டேன். கரண்டியால் சட்டியைத் தட்டினேன். கடைசியில் அலுமினியத் தட்டைத் தூக்கி அவள் முதுகுக்குப் பின்னால் போட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. மகள் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுத் தரை சிமெந்து. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே அவளுக்கு டிரம் கேட்கவில்லை. பலகை அதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் ஆண்டவரிடம் பேசியதை அப்படியே எழுத முடியாது. நீர் பேசாமல் இருந்தது எனக்குப் பழகிவிட்டது, எதற்கு இப்படி ஊரைக் கூட்டி ஆசை காட்டினீர் என்று கேட்டேன். ரொட்டி மாவை அடித்துப் பிசைந்துகொண்டே கேட்டேன்.

அந்த வாரம் முழுக்க, என் கணவரைத் தவிர யாரிடமும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செய்தி தோட்டமெங்கும் பரவிவிட்டது; பஸ்ஸில் கண்டக்டர்கூட விசாரித்தார். என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து கையசைத்தார்கள். எதிர் லயத்து அம்மா மாரியம்மன் கோவிலில் எங்களுக்காகத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, "எந்தச் சாமி செஞ்சா என்ன டீச்சர், புள்ளைக்கு கேட்டாப் போதும்" என்று பாதித் தேங்காயை என் கையில் வைத்தார். அதைத் துருவிச் சம்பல் அரைத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

என் கணவர் கொழுந்து லொறி ஓட்டுகிறார். அதிகம் பேசாத மனுஷன். சனிக்கிழமை சாப்பிடும்போது, "புள்ளைக்கு காய்ச்சல்னு சொல்லி நாளைக்கு போகாம இருந்துருவமா?" என்றார்.

"அடுத்த வாரமும் காய்ச்சலா?"

"இல்லன்னா எந்திரிச்சு என்னா சொல்லப் போற?"

"தெரியலங்க" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. ஒன்றும் செய்யாத ஆண்டவரைப் பற்றி எந்த வாயால் சாட்சி சொல்வது? பாஸ்டரின் முகத்தையும் அந்த அக்காவின் முகத்தையும் நினைக்கவே பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாளைக்கு நான் வாயைத் திறந்தால், ஆண்டவரே, இனி நான் உம்மை நம்பவில்லை என்று வந்துவிடுமோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேல்மாடி நிறைந்திருந்தது. வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் எழுந்ததுமே, வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். சாட்சி என்றால் நல்ல செய்திதானே. தட்டி முடிக்கும்வரை நின்றேன்.

"புள்ளைக்கு கேக்கல" என்றேன். "அன்னைக்கும் கேக்கல. பலகை ஆடுனதுனால திரும்பிப் பாத்துச்சு. வீட்டுல தட்டப் போட்டுப் பாத்தேன். கேக்கல."

அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தோடு உட்கார்ந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோசித்து வைக்காத வார்த்தைகள் வந்தன.

"நான் இவகூட மூணு வருஷமா பேசிக்கிட்டே இருக்கேன். ஒரு வார்த்தகூட இவளுக்கு கேட்டதில்ல. அம்மா இருக்கேன்னு நான் சொன்னதுகூட இவளுக்குத் தெரியாது. ஆனாலும் காலையில கண்ண முழிச்சா என்னையத்தான் தேடுறா. கையத்தான் நீட்டுறா. நான் இருக்கேனான்னு இவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்ல..."

ஸ்தோத்திரம் என்று மட்டும் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர்கூடத் தலையைக் குனிந்து நின்றார். கீழே கடையில் யாரோ தகரம் வெட்டும் சத்தம் கேட்டது.

மகள் என் சேலையை விட்டாள். குந்தி உட்கார்ந்து பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். போன வாரம் ஆடிய தரை இன்றைக்கு ஏன் சும்மா இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. டிரம்காரத் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் தானே பலகையில் அடித்தாள். இரண்டு கையாலும், பலங்கொண்ட மட்டும், போன வாரம் அவன் அடித்த அதே அடி.

அது என் உள்ளங்கால் வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. எத்தனையோ வருடம் அந்தத் தரையில் நின்று பாடியிருக்கிறேன்; அது இப்படி அதிரும் என்று எனக்குத் தெரியாது. என் காதுக்கு எட்டாததை இவள் உள்ளங்கையால் பிடித்து வைத்திருக்கிறாள். நான் மௌனம் என்று நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறதோ என்று நினைத்தபோது கைகால் நடுங்கியது. அது பயமில்லை. எரியும் முட்செடியிலிருந்து ஆண்டவர் கூப்பிட்டு மோசே செருப்பைக் கழற்றியபோது இப்படித்தான் நடுங்கியிருக்க வேண்டும்.

அந்த அக்கா அழுதுகொண்டே மகளின் அடிக்குக் கை தட்டினார். பிறகு டிரம் சேர்ந்தது. பிறகு எல்லோரும் பாடினார்கள்.

ஆண்டவர் அன்றைக்கும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்கு இன்றைக்கும் கேட்காது. அன்று நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாடினேன். அவள் என் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். பாட்டு முடிந்து சபை அடங்கிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. அவள் எடுக்கும்வரை நான் பாடுவதை நிறுத்தவில்லை.